மல்டி எஃபெக்ட்ஸ் பெடல்

மின்கிதாரின் ஒலியை மாற்றும் பல எஃபெக்டுகளை ஒரே பெட்டிக்குள் அடக்கிய, காலால் இயக்கும் கருவி. ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட எம்.இ.-5 இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. இன்றைய கருவிகள் கிதாரின் ஒலியை டிஜிட்டலாக்கி, மாற்றி, திரும்ப அனுப்புகின்றன.

எஃபெக்டுகளின் வரிசைதான் முக்கியம். கம்ப்ரெஸ்ஸர், வா-வா முன்னால், அடுத்து டிஸ்டார்ஷன், டிலே, ரிவர்ப் கடைசியில் என்பது வழக்கம். ரிவர்பை டிஸ்டார்ஷனுக்கு முன் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து கரகரத்து, சுரங்கள் குழம்பும். வேண்டுமென்றே அப்படி வைப்போரும் உண்டு. அமைத்ததை ‘பேட்ச்’ ஆகச் சேமித்து, பாட்டின் நடுவே ஒரே மிதியில் மாற்றலாம். பல பெட்டிகளில் ஓரமாக இருக்கும் எக்ஸ்பிரஷன் பெடலைக் குதிகாலால் அழுத்தினால் ஒலியளவு குறையும். முன்பாதத்தால் அழுத்தினால் கூடும்.

வீட்டில் ஹெட்ஃபோனில் அமைத்த பேட்ச் மேடையில் எடுபடாமல் போவது சகஜம். கிதார் ஆம்ப்ளிஃபையரில் இணைக்கும்போது, ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் பெட்டி ஒலியைப் போலச் செய்யும் கேபினட் சிமுலேஷனை நிறுத்தாவிட்டால் ஒலி மந்தமாகும். மிக்சருக்கு நேரே அனுப்பும்போதோ அது கட்டாயம் தேவை. பெட்டியோடு வரும் பேட்சுகள் பெரும்பாலும் கடையில் வாங்குபவரை மயக்கத்தான். அவற்றில் ரிவர்ப் அதிகம். பாதியாகக் குறைத்துத் தொடங்குவது நல்லது.