மொத்த விளம்பர மின்னஞ்சலின் வரலாறு

ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் பட்டியலில் உள்ள முகவரிகள் அனைத்துக்கும் ஒரே விளம்பரச் செய்தியை ஒரே நேரத்தில் அனுப்புவது மொத்த விளம்பர மின்னஞ்சல் எனப்படுகிறது. விரும்பிக் கேட்டவருக்கு அது அறிவிப்பு, கேட்காதவருக்கு எரிதம். இரண்டையும் பிரிப்பது பெறுபவரின் ஒப்புதலே.

அஞ்சல் வழி விற்பனை

வாடிக்கையாளர் பட்டியல் கணினிக்கு முந்தியது. இந்திய அஞ்சல் துறை 1877இல் வி.பி.பி. முறையைத் தொடங்கியது. அஞ்சல்காரர் பொருளை வீட்டில் கொடுத்து, பணத்தை வாங்கி, விற்பனையாளருக்குச் சேர்ப்பிப்பார். இதனால் சென்னையில் உள்ள கடை, கள்ளக்குறிச்சி போன்ற தொலைவூர்களில் இருப்பவருக்கும் பொருள் விற்க முடிந்தது. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ். எஸ். வாசன், அதற்கு முன் அஞ்சல் வழி விற்பனையும் விளம்பர முகவர் தொழிலும் நடத்தியவர்.

அக்காலத்தில் ஒவ்வொரு விலைப்பட்டியலுக்கும் அச்சுக்கூலியும் தபால் செலவும் அனுப்புபவருடையது. எனவே வாங்கக்கூடியவர் யார் என்று பார்த்தே அனுப்பினர். செலவே ஒரு கட்டுப்பாடாக இருந்தது.

முதல் மொத்த மின்னஞ்சல்

1978 மே மாதம், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் அலுவலர் கேரி துர்க், புதிய கணினிகளின் செயல்விளக்கத்துக்கு அழைத்து ஆர்ப்பாநெட் பயனர்கள் சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் அந்த வலையமைப்பின் பயனர் விவரக் கையேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. சிலர் கணினி வாங்க முன்வந்தனர், பலர் கண்டித்தனர். தொடர்புக்காகத் தரப்பட்ட முகவரியை விற்பனைக்கு எடுத்ததுதான் சிக்கல்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதன்பின் இந்தச் சிக்கல் இங்கும் வந்தது. பத்தாயிரம் மடல் அனுப்புவதற்கும் பத்து மடல் அனுப்புவதற்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. தபால்தலைச் செலவு மறைந்தது; படித்து நீக்கும் நேரச் செலவு பெறுபவர் தலையில் விழுந்தது.

சட்டங்கள்

அமெரிக்காவில் 2003இல் இயற்றப்பட்ட சட்டம், முன் ஒப்புதல் கேட்கவில்லை. வேண்டாம் என்றவரை 10 வேலை நாட்களுக்குள் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னது. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி, ஒப்புதலுக்குத் தெளிவான வரையறையைத் தந்தது.

இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007 முதல் விளம்பர அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் விதிகள் வகுத்தது. 1909 என்ற எண் வழியாக மறுப்பைப் பதியலாம். ஆனால் அவ்விதிகள் மின்னஞ்சலுக்குப் பொருந்துவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, தொந்தரவு தரும் மின்னஞ்சலையும் உள்ளடக்கியிருந்தது. அதன் சொற்கள் மிக விரிந்தும் தெளிவற்றும் இருந்ததால், கருத்துரிமைக்கு எதிரானது என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது.

2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதல் தெளிவாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் பெறப்பட வேண்டும். அதைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், யாஹூ ஆகியவையும் மொத்தமாக அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்றன.

கள்ளக்குறிச்சிக்கு இதன் பொருள்

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மரச்சிற்பங்கள் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன. கல்வராயன் மலையின் தேன், கடுக்காய் போன்றவையும் வெளியூர் வாங்குவோரைத் தேடுகின்றன. சிறு உற்பத்தியாளருக்கு வாடிக்கையாளர் பட்டியலே பெரிய முதல். இடைத்தரகர் இல்லாமல் விற்க அது வழி செய்கிறது. ஆனால் ஒரு சிலை வாங்கியவர் கொடுத்த முகவரி அந்தச் சிலையை அனுப்புவதற்கானது. மேலும் செய்தி அனுப்பலாமா என்று தனியாகக் கேட்டு, அவர் ஆம் என்றால் மட்டுமே அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம். அடிக்கடி எரிதம் எனக் குறிக்கப்படும் முகவரியிலிருந்து வரும் உண்மையான விற்பனை மடலும் எரிதப் பெட்டிக்குள் போய்விடும். அப்போது இழப்பு வாங்குபவருக்கு அல்ல, கைவினைஞருக்கே.