கப்பல் நெருங்காத கரை

தூத்துக்குடி ரோச் பூங்காவிலும் முத்துநகர் கடற்கரையிலும் சாயந்திரம் காற்று வாங்காத எட்டயபுரத்துக்காரர் குறைவு. ஆனால் அந்தக் கரைக்கும் நம் கரிசல் காட்டுக்கும் உள்ள பழைய உறவு பலருக்கு மறந்து போயிற்று. அதைக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன்.

அந்தக் கடலில் ஆழம் கம்மி. முயல் தீவு அலையைத் தடுப்பதால் தோணிக்கு நல்ல இடம். பெரிய கப்பலுக்கு ஆகாது. கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கும் ஆளும் படகில் போய்த்தான் ஏற வேண்டும். போர்த்துக்கீசியர் ஆண்டார்கள். 1658-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1825-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆட்சி மாறினாலும் தோணி இல்லாமல் யாருக்கும் வியாபாரம் நடக்கவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் அந்தத் தோணிகளில் ஏறிய முக்கியமான சரக்கு நம் பருத்தி. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து பஞ்சு வராமல் இங்கிலாந்து ஆலைகள் திண்டாடின. திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு விலை ஏறியது. அப்போது ரயில் கிடையாது, மாட்டுவண்டிதான். 1866-ல் தூத்துக்குடி நகராட்சி ஆனது. 1876-ல் ரயிலும் வந்து சேர்ந்தது.

ஆனால் கொழும்புக் கப்பல் வெள்ளைக்காரக் கம்பெனி கையில் இருந்தது. அதை எதிர்த்துத்தான் 1906-ல் பக்கத்து ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய். நம்மூர் பாரதி தன் 'இந்தியா' பத்திரிகையில் துணை நின்றார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்தன. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், கம்பெனியும் பிறகு நொடித்துப் போனது.

1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்புப் பயணிகள் தனுஷ்கோடி வழியாகப் போனார்கள். 1974-ல் தெற்கே ஆழ்கடல் துறைமுகம் செயல்படத் தொடங்க, பெரிய கப்பல்கள் அங்கே போயின. 2011-ல் அதற்கு வ.உ.சி. பெயர் வைத்தார்கள். பொருத்தம்தான். ஆனால் மூட்டை சுமந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், தோணி தள்ளியவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு இன்றும் தோணி போகிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். நம் பாட்டன்மார் விளைவித்த பருத்தி கடல் ஏறிய வழி அதுதான்.