ஒரு கட்டடம், பல காலங்கள்: ஆக்லாந்து மரத் தேவாலயங்களின் பழைய புகைப்படங்கள்

ஆக்லாந்தின் மரத் தேவாலயங்களைக் காட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்களை அக்கட்டடங்களின் மூல வடிவத்துக்குச் சான்றாக எடுத்தாள்வது வழக்கமாகிவிட்டது. அதை ஏற்க இயலாது என்பதே என் வாதம். மரக்கட்டடம் வளர்கிறது, கூரை மாற்றிக்கொள்கிறது, இடம்கூடப் பெயர்கிறது. ஒரு படம் அந்த வாழ்வின் ஒரு கட்டத்துக்கு மட்டுமே சாட்சி.

இந்நகரம் ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகளின் நிலத்தில் பரந்திருக்கிறது. கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் 1842இல் வந்திறங்கிய பேராயர் ஜார்ஜ் அகஸ்டஸ் செல்வினின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் தேவாலயங்கள் பெரும்பாலும் மரத்தாலானவை. பார்னெல் பகுதியில் முதலில் கட்டிய புனித ஸ்தேவான் சிற்றாலயம் கல்லால் ஆனது, அது நிலைக்கவில்லை. அதற்கு மாற்றாக 1850களில் கட்டடக் கலைஞர் பிரெடெரிக் தாட்சரின் வடிவமைப்பில் மரச் சிற்றாலயம் எழுந்தது. புனித யோவான் கல்லூரிச் சிற்றாலயமும் ஹோவிக்கின் சகல பரிசுத்தவான்கள் ஆலயமும் 1847ஐச் சேர்ந்தவை. செங்குத்தான கூரையும், பலகைச் சுவருக்கு வெளியே தெரியும் மரச்சட்டகமும் இவ்வகையின் அடையாளங்கள்.

இவற்றைப் படம்பிடித்தோரில் முதன்மையாகக் கருத வேண்டியவர் ஜான் கிண்டர். 1855இல் இங்கு வந்த ஆங்கிலிக்கன் குரு; பார்னெல் பள்ளியின் தலைமையாசிரியர்; பின்னாளில் புனித யோவான் கல்லூரியின் தலைவர். அவர் தம் சபையின் கட்டடங்களையே படமெடுத்தார் என்பதை மறக்கலாகாது: எதை நடுவில் வைப்பது, எதைச் சட்டத்துக்கு வெளியே விடுவது என்பதில் அந்தப் பற்று வேலை செய்திருக்கிறது. அக்கால ஈரக் கொலோடியன் தகடு நீல ஒளியையே அதிகம் உணரும். ஆகவே வானம் வெளுத்தும் மரத்தின் செம்பழுப்பு கறுத்தும் விழும். சுவர்கள் கருமையாக இருந்தன என்று படத்தை நம்பி எழுதுவது தகட்டின் இயல்பைக் கட்டடத்தின்மேல் ஏற்றுவதாகும். கிண்டர் தம் புகைப்படங்களைப் பார்த்துப் பிற்காலத்தில் நீர்வண்ண ஓவியங்களும் தீட்டினார். ஓவியத்தின் ஆண்டு வேறு, காட்சியின் ஆண்டு வேறு.

எனவே படத்தின் காலத்தை மரமே சொல்ல வேண்டும். கூரையில் மரச்சில்லுகளா, நெளிதகடா? பக்கச் சிறகுகள் சேர்ந்துவிட்டனவா? சுற்றிலும் வெட்டிய அடிமரங்களா, புல்வெளியா? பார்னெலின் புனித மரியாள் ஆலயம் பெஞ்சமின் மவுண்ட்ஃபோர்ட் வடிவமைத்தது, 1886இல் தொடங்கியது. 1982இல் அதை அப்படியே சாலைக்கு மறுபுறம் நகர்த்தினார்கள். அதன் பழைய படங்களில் கட்டடம் உண்மை. அது நிற்கும் இடம் இன்று அதன் இடமல்ல.

இந்த வாதத்தின் கடுமையான சோதனை தெற்கே ஓட்டாக்கியில் உள்ள ராங்கியாதேயா. மாவோரித் தலைவர் தே ரௌபராஹாவின் முன்முயற்சியில் எழுந்து 1851இல் நிறைவுற்ற அந்த மர ஆலயம் 1995இல் தீவைக்கப்பட்டு எரிந்தது. 2003இல் அதே வடிவில் மீண்டும் திறக்கப்பட்டது. கூரைக்கைகளின் வண்ணக்கோலத்தைப் பழைய படம் காட்டும். சுவர்த் தட்டிகளைப் பின்னும் விரல்களின் அறிவை அது காட்டாது. அந்த அறிவு மாவோரிக் கைவினைஞர்களிடம் வாழ்ந்தது. புதிய கட்டடத்தைப் போலி என்று ஒதுக்குவோரிடம் தமிழகத்தின் திருமழபாடிக் கோயிலை நினைவூட்ட விரும்புகிறேன். முதலாம் இராசராசன் காலத்தில் அங்கே விமானத்தைப் பிரித்துக் கட்டுமுன் பழைய கல்வெட்டுகளைப் படியெடுக்க ஆணை பிறந்தது. இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் பொறிக்கப்பட்டன. அவற்றைப் படி என்று தெரிந்தே ஆய்வாளர்கள் எடுத்தாள்கிறோம், ஏனெனில் படியெடுத்த செய்தி கல்லிலேயே இருக்கிறது. ஆவணக் காப்பகங்களின் படக்குறிப்புகளிலும் அதுவே தேவை: கட்டிய ஆண்டோடு, படத்தில் தெரியும் கூரை எது, அதற்குமுன் நடந்த விரிவாக்கம் எது, கட்டடம் அப்போது நின்ற மனை எது என்ற விவரங்கள்.