கொள்ளைக்காரர் என்று எழுதப்பட்ட ஓர் உஸ்தாத்

 

சில ஆண்டுகளுக்கு முன் நம் மதரஸாவின் ஆண்டு விழாவையொட்டி மாணவர்கள் ஒரு சிறு கண்காட்சி அமைத்திருந்தனர். விடுதலைக்குப் போராடிய உலமாக்களின் வரலாற்றை அட்டைகளில் எழுதி, சுவரோரமாக வரிசையாக வைத்திருந்தார்கள். அவற்றுள் ஒன்றில் “ஷஹீத் உமர் முக்தார் (ரஹ்)” என்று அழகிய எழுத்தில் தலைப்பிட்டு, அதன் கீழ் வெண்தாடியும் மூக்குக் கண்ணாடியும் கொண்ட ஒரு பெரியவரின் வண்ணப்படத்தை ஒட்டியிருந்தனர். அருகில் சென்று பார்த்தபோது திடுக்கிட்டேன். படத்தில் இருந்தவர் உமர் முக்தார் அல்லர். அவர் வேடத்தில் நடித்த ஆந்தனி குவின் என்னும் ஹாலிவுட் நடிகர்!

பிள்ளைகளைக் குறை கூற மனம் வரவில்லை. கைப்பேசியில் பெயரைத் தட்டியதும் வந்த படத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அன்றிரவு ஒரு கேள்வி என்னை உறங்கவிடவில்லை. ஒரு மனிதரைப் பற்றிய செய்தியை முதலில் எதிரியின் பத்திரிகை எழுதுகிறது. பின்னர் எதிரியின் திரைப்படம் காட்டுகிறது. அதன்பின் நண்பர் என்று வந்த ஒருவரின் திரைப்படம் காட்டுகிறது. இத்தனை பேர் கைபட்ட பிறகு அந்த மனிதரில் மிஞ்சியிருப்பது எவ்வளவு? இக்கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னே சென்றதன் விளைவு. திரைப்படம் பார்ப்பதன் மார்க்கச் சட்டத்தைப் பேச நான் இங்கு வரவில்லை. அதனைக் கேட்க விரும்புவோர் அஸருக்குப் பின் பள்ளியில் என்னைச் சந்திக்கலாம்.

பாட்டும் பத்திரிகையும் நடத்திய போர்

1911 செப்டம்பர் 29 அன்று இத்தாலி, உதுமானியப் பேரரசின் மீது போர் அறிவித்தது. நோக்கம், இன்று லிபியா என்று நாம் அழைக்கும் நிலப்பரப்பைக் கைப்பற்றுவது. அந்தப் போர் களத்தில் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அச்சகங்களில் தொடங்கிவிட்டது. ‘லா ஸ்டாம்பா’ நாளிதழின் பெவியோனே என்னும் செய்தியாளர், திரிப்போலி மண்ணின் செழுமையைப் பற்றிக் கட்டுரைகளாக எழுதிக் குவித்தார். நிலமற்ற ஏழை விவசாயிகள் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிக் கொண்டிருந்த நாடு அது. அத்தகைய மக்களிடம், “கடலுக்கு அப்பால் உங்களுக்காக ஒரு சோலை காத்திருக்கிறது” என்று சொன்னால் அவர்கள் நம்பாமல் வேறென்ன செய்வார்கள்? அரபுகள் துருக்கியரின் ஆட்சியில் சலித்துப் போயிருக்கிறார்கள், இத்தாலியரை இருகரம் நீட்டி வரவேற்பார்கள் என்றும் எழுதப்பட்டது. சால்வெமினி போன்ற ஒரு சில அறிஞர்கள், அது வெறும் மணல் பெட்டி என்று எச்சரித்தனர். கேட்பார் இல்லை.

அதே செப்டம்பரில் தூரின் நகர நாடக மேடையில் ஒரு பாடகி, இத்தாலியின் மூவர்ணக் கொடியை உடலில் சுற்றிக்கொண்டு திரிப்போலியைக் காதல் பூமியாக வருணிக்கும் பாடல் ஒன்றைப் பாடினார். அது நாடெங்கும் பரவியது. படைவீரர்கள் அதனைப் பாடியபடியே கப்பலேறினர். தனுன்ஸியோ என்னும் புகழ்பெற்ற கவிஞர், போரைப் போற்றும் நெடுங்கவிதைகளை முன்னணி நாளிதழில் தொடர்ந்து வெளியிட்டார். ஒரு நாட்டின் அநியாயமான ஆசை, மேடையில் காதல் பாட்டாகிவிட்டால் அதனை அநியாயம் என்று சொல்வதே எவ்வளவு கடினமாகிவிடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்!

வரவேற்பு கிடைக்கவில்லை. அக்டோபர் 23 அன்று திரிப்போலிக்கு அருகே ஷாரிஉஷ் ஷத்து என்னுமிடத்தில் அரபுகளும் துருக்கியரும் இணைந்து இத்தாலியப் படையைத் தாக்கினர். அதற்குப் பழிவாங்கும் முகமாக, அடுத்து வந்த நாட்களில் நகரை ஒட்டிய தோப்புகளில் வாழ்ந்த சாதாரண மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். உள்நாட்டுப் பத்திரிகைகள் இதனைத் “துரோகத்திற்குத் தண்டனை” என்ற பாணியில் எழுதின. ஆனால் இங்கு ஒருவரை நீதியுடன் நினைவுகூர வேண்டும். பிரான்சிஸ் மெக்கல்லா என்னும் ஐரிஷ் நாட்டுச் செய்தியாளர் அக்கொடுமைகளைக் கண்டதும், தமக்கு அளிக்கப்பட்டிருந்த செய்தியாளர் அனுமதிச் சீட்டை இத்தாலியத் தளபதியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். தாம் கண்டதை 1912இல் நூலாகவும் வெளியிட்டார். ஊடகம் என்றாலே பொய் என்று ஒரேயடியாகச் சொல்லும் நம்மவர்கள் இவரை மறந்துவிடக் கூடாது. அதே போரில், நவம்பர் 1ஆம் நாள், கவோட்டி என்னும் இத்தாலியர் விமானத்திலிருந்து தம் கையால் குண்டுகளை எறிந்தார். உலக வரலாற்றில் விமானத்திலிருந்து வீசப்பட்ட முதல் குண்டுகள் அவையே.

எழுபது வயதுப் போராளி

உமர் முக்தார் அவர்கள் படைத்தளபதியாகப் பயின்றவர் அல்லர். ஸனூஸிய்யா தரீக்காவின் கல்வித் தலைமையகமாக விளங்கிய ஜக்பூபில் ஓதியவர். பின்னர் அல்கஸூர் என்னுமிடத்து ஸாவியாவின் ஷைகாகப் பொறுப்பேற்றுக் குழந்தைகளுக்குக் குர்ஆன் கற்றுக் கொடுத்தவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் ஒரு மக்தப் உஸ்தாத். பாசிச ஆட்சி வந்தபின், 1923 முதல் 1931 வரை, ஏறத்தாழ எழுபது வயதை எட்டிய நிலையில், ஜபல் அல்அக்தர் என்னும் பசுமலைப் பகுதியில் குதிரைப்படையை வைத்துக்கொண்டு, விமானங்களும் கவச வண்டிகளும் கொண்ட ஓர் ஐரோப்பிய வல்லரசை அவர் எதிர்த்து நின்றார்.

அவரை வெல்ல இயலாத இத்தாலியர், அவருக்குச் சோறு போட்ட மக்களை அகற்ற முடிவு செய்தனர். 1930இல் ஆளுநர் படோக்லியோவின் கட்டளைப்படி, தளபதி கிராஸியானி, மலைப்பகுதி மக்களையும் அவர்களது ஆடு, ஒட்டகங்களையும் பாலைவனத்திற்கு விரட்டினார். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஸுலூக், அல்மக்ரூன், அல்உகைலா ஆகியவை அம்முகாம்களுள் சில. பசியாலும் நோயாலும் மாண்டோர் 40,000க்குக் குறையாது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. எகிப்திலிருந்து உதவி வராதபடி எல்லை நெடுக 270 கிலோமீட்டர் அளவுக்கு முள்கம்பி வேலியும் போடப்பட்டது.

இவ்வளவும் நடந்தபோது இத்தாலியப் பத்திரிகை படித்த ஒரு சாதாரணக் குடும்பத்தலைவருக்கு என்ன தெரிந்திருக்கும்? அவருக்குக் கிடைத்த சொற்கள் மூன்றுதான். போராடியவர்கள் ‘கலகக்காரர்கள்’, ‘கொள்ளைக்காரர்கள்’, நடப்பது ‘அமைதிப்படுத்துதல்’. கிராஸியானி 1932இல் எழுதிய நூலின் பெயரே ‘அமைதிப்படுத்தப்பட்ட ஸிரெனைகா’ என்பதுதான். மையவாடியிலும் அமைதி உண்டல்லவா!

க்னுட் ஹோல்ம்போ என்னும் டென்மார்க் நாட்டு இளைஞர் இஸ்லாத்தைத் தழுவியவர். 1930இல் அவர் மோட்டார் வாகனத்தில் அப்பகுதியைக் கடந்து சென்று, முகாம்களையும் தூக்குமரங்களையும் நேரில் கண்டு ஒரு நூல் எழுதினார். இத்தாலியில் அந்நூல் தடை செய்யப்பட்டது. 1931 அக்டோபரில், இன்னும் முப்பது வயது நிறையாத நிலையில், அகபா அருகே அவர் கொல்லப்பட்டார்.

அதற்கு ஒரு மாதம் முன்னர், செப்டம்பர் 11 அன்று, உமர் முக்தார் சிறைபிடிக்கப்பட்டார். 15ஆம் நாள் பென்காஸியில் விசாரணை. 16ஆம் நாள் காலை ஸுலூக் முகாமில், திரட்டி நிறுத்தப்பட்ட ஏறத்தாழ இருபதாயிரம் மக்களின் கண்முன் தூக்கு. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவரைத் தூக்கிலிடச் செய்த கிராஸியானியே, அவர் மார்க்க அறிவு மிக்கவர், தன்னலமற்றவர், பெருந்தலைவராக இருந்தும் ஏழையாகவே வாழ்ந்தவர் என்று எழுத நேர்ந்தது. எகிப்தின் பெருங்கவிஞர் அஹ்மது ஷவ்கி அவருக்கு இரங்கற்பா பாடினார்.

புளோரன்ஸில் செய்த வாள்

இனி நிகழ்ந்ததுதான் வியப்புக்குரியது. 1936இல் ‘வெள்ளைப் படைப்பிரிவு’ என்னும் இத்தாலியத் திரைப்படம் வெளிவந்தது. லிபியப் பாலைவனத்தில் கலகக்காரர்களைத் துரத்தும் ஒட்டகப்படை அதிகாரிகளின் வீரத்தைச் சொல்லும் கதை. வெனிஸ் திரைவிழாவில் அதற்கு முஸோலினியின் பெயரால் அமைந்த கோப்பை கிடைத்தது. காதலில் தோற்ற ஓர் இளைஞன் பாலைவனத்தில் ஆண்மகனாகிறான் என்பதே கதையின் உயிர். அந்த மண்ணின் மக்களோ, அவன் ஆண்மகனாவதற்குத் தேவைப்பட்ட மணலும் வெயிலும் போன்றவர்கள்தாம்! 1926 முதலே எல்லாத் திரையரங்குகளிலும் அரசின் லூச்சே நிறுவனத்தார் எடுத்த செய்திப்படங்களைக் காட்டுவது கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அவற்றில் சாலைகளும் பள்ளிகளும் திராட்சைத் தோட்டங்களும் காட்டப்பட்டன.

1934 முதல் இத்தாலியின் பாரி நகர வானொலி நிலையம் அரபு மொழியில் ஒலிபரப்பியது. பிரிட்டிஷாரை வெறுத்த அரபுகளின் மனத்தை ஈர்ப்பதே நோக்கம். 1937 மார்ச்சில் முஸோலினி திரிப்போலிக்கு வந்து, குதிரை மீதமர்ந்து, ‘இஸ்லாத்தின் வாள்’ என்ற பெயரில் ஒரு வாளை உயர்த்திப் பிடித்துத் தம்மை முஸ்லிம்களின் பாதுகாவலராக அறிவித்துக் கொண்டார். குர்ஆன் கற்பித்த ஒரு முதியவரைத் தூக்கிலிட்டு ஆறு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. அந்த வாள் செய்யப்பட்டது எங்கே தெரியுமா? இத்தாலியின் புளோரன்ஸ் நகரில்! ஆயினும் அந்தப் படத்தைக் கண்டு ஏமாந்த முஸ்லிம்களும் அந்நாளில் இருந்தார்கள் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அக்காதின் திரைப்படமும் அதன் குறையும்

ஸிரியாவின் அலெப்போவில் 1930இல் பிறந்த முஸ்தபா அக்காத், அமெரிக்காவில் திரைக்கலை பயின்றவர். நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தைப் பற்றி 1976இல் ‘அர்ரிஸாலா’ என்ற படத்தை எடுத்தார். அதில் நபியவர்களின் உருவமோ குரலோ இடம்பெறவில்லை. ஆந்தனி குவின் நபியவர்களாகவே நடித்துவிட்டார் என்ற வதந்தியை நம்பி, 1977 மார்ச்சில் வாஷிங்டனில் சில கட்டிடங்களைக் கைப்பற்றி மக்களைப் பிணையாகப் பிடித்தவர்கள், அப்படத்தைத் தடுப்பதையும் தம் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்தனர். உண்மையில் குவின் நடித்தது ஹம்ஸா (ரலி) அவர்களாக. சூரத்துல் ஹுஜுராத்தை ஓதும் சமுதாயத்தில், வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் இப்படியும் நடந்தது.

அதே அக்காத் 1981இல் வெளியிட்டதே உமர் முக்தாரின் வரலாறு. ஏறத்தாழ மூன்றரைக் கோடி டாலர் செலவை லிபிய அதிபர் கத்தாபி ஏற்றார். முகாம்களும் வேலியும் தூக்கும் முதன்முறையாக உலகின் கண்முன் வந்தன. நான் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் ஊர் இளைஞர்கள் சி.டி.யில் அதனைப் போட்டுக்காட்டினர். தூக்கிலிடப்பட்டதும் கீழே விழும் மூக்குக் கண்ணாடியை ஒரு சிறுவன் எடுத்துக்கொள்ளும் இறுதிக் காட்சியில் அறையில் ஒருவரும் பேசவில்லை. இத்தாலி அரசோ, படையின் கண்ணியத்திற்கு இழுக்கு என்று 1982இல் அப்படத்தைத் தன் நாட்டில் காட்டவிடாமல் தடுத்தது. பி.பி.சி. 1989இல் இத்தாலியின் போர்க்குற்றங்களைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தை இத்தாலிய அரசுத் தொலைக்காட்சி விலை கொடுத்து வாங்கியது. வாங்கி ஒளிபரப்பாமலே வைத்துக்கொண்டது.

நம்முடையது என்பதற்காக அக்காதின் படத்தை அளவுகோலின்றிப் புகழவும் எனக்கு மனமில்லை. பணம் கொடுத்தவர், 1969இல் ஸனூஸி மரபைச் சேர்ந்த மன்னர் இத்ரீஸின் ஆட்சியைக் கவிழ்த்தவர். உமர் முக்தாரை உருவாக்கியதே அந்த ஸனூஸிய்யா தரீக்காதான். ஆனால் அத்தரீக்காவுக்கு உரிய இடம் அப்படத்தில் இல்லை. ஷைகு தெரிகிறார், அவருடைய ஷைகுமார்கள் மறைந்துவிடுகின்றனர். யாருடைய பணத்தில் ஒரு வரலாறு படமாகிறதோ அவருக்கு ஆகாதவர்கள் அதில் சுருங்கித்தான் போகிறார்கள். அக்காதின் முடிவும் துயரமானதே. முஸ்லிம்களின் வரலாற்றை மேற்குலகுக்கு எடுத்துச் சொல்ல முயன்ற அவரும் அவருடைய மகளும், 2005 நவம்பரில் ஜோர்தானின் அம்மான் நகரில், இஸ்லாத்தின் பெயர் சொல்லிக்கொண்ட ஒரு கூட்டத்தாரின் குண்டுவெடிப்புக்குப் பலியாயினர்.

2008 ஆகஸ்டில் இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனி பென்காஸிக்கு வந்து காலனி ஆட்சிக் காலத்திற்காக மன்னிப்புக் கேட்டு, ஐந்நூறு கோடி டாலர் அளவிலான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு ஜூனில் ரோம் சென்றிறங்கிய கத்தாபி, விலங்கிடப்பட்ட உமர் முக்தாரின் படத்தைத் தம் சீருடையில் குத்தியிருந்தார். அந்நாட்களில்தான் அப்படம் இத்தாலியத் தொலைக்காட்சியில் முதன்முறையாகக் காட்டப்பட்டது. ஆனால் 2011 பிப்ரவரியில் அதே கத்தாபிக்கு எதிராகப் பென்காஸி வீதிகளில் திரண்ட மக்களும் உமர் முக்தாரின் படத்தையே ஏந்தி வந்தனர். 2012இல் இத்தாலியின் அஃபிலே என்னும் ஊரில், பொதுப்பணத்தில், கிராஸியானிக்கு நினைவுமண்டபம் திறக்கப்பட்டது.

கண்காட்சிக்குத் திரும்புகிறேன். மறுநாள் காலை குவினின் வண்ணப்படத்தை எடுத்துவிட்டு, உண்மையான புகைப்படத்தை ஒட்டச் செய்தேன். கறுப்பு வெள்ளைப் படம் அது. இத்தாலிய அதிகாரிகள் சூழ்ந்து நிற்க, கையில் விலங்குடன், வெண்ணிற ஆடையில் ஒரு முதியவர். இதனை யார் எடுத்தது என்று ஹிப்ழு வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். அவரைப் பிடித்தவர்கள், தங்கள் வெற்றியை ஊருக்குக் காட்ட எடுத்துக் கொண்டது என்றேன். அவன் சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சுற்றி நிற்பவர்களின் பெயர் என்ன ஹஜ்ரத்?” என்றான். எனக்குத் தெரியவில்லை.