பொம்மை முடியும் வெப்பமும்: கவனிக்க வேண்டியவை

சிக்குப்பிடித்த பொம்மை முடியை நேராக்க, எமது தலைமுடிக்குப் பாவிக்கும் சூட்டுக் கருவியையே சிலர் எடுப்பதுண்டு. இது ஆபத்தானது.

பொம்மை முடி வெப்பத்தில் இளகும் பிளாஸ்ரிக் இழை. 1959இல் வெளிவந்த முதல் பார்பிக்குச் சரான் இழை பொருத்தப்பட்டது. நைலோன், பொலிபுரொப்பிலீன் ஆகியனவும் பயன்படுகின்றன. பொலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸில் உருகிவிடும். சூட்டுக் கருவிகள் பல 200 பாகையையும் தாண்டும். எந்த இழை என்பதைப் பார்வையால் அறிவது கடினம்.

சுடுநீரே பாதுகாப்பான வழி. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகைக்கு மேல் சூடாகாது.

• முடியை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.
• கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிடுங்கள்.
• பின்தலையில் ஒரு சிறு கற்றையை முதலில் சோதியுங்கள்.
• முடியை மட்டும் சில விநாடிகள் தோயுங்கள். வினைல் முகம் சூட்டில் இளகி உருக்குலையலாம்.
• நேராகச் சீவிக் குளிர்நீரில் அலசுங்கள். குளிரும்போதுதான் வடிவம் நிலைக்கும்.
• காற்றில் உலரவிடுங்கள்.

மின்கலம் உள்ள பொம்மைகளை நீரில் தோய்க்க வேண்டாம். முடி நுனியை நெருப்பில் காட்டவும் கூடாது. சரான் கருகினால் சுவாசத்தைப் பாதிக்கும் ஐதரசன் குளோரைட் வாயு வெளியேறும்.

சுடுநீர் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். உருகிய இழை தோலில் ஒட்டினால் பிய்த்தெடுக்காதீர்கள். 20 நிமிடங்கள் ஓடும் குளிர்நீரில் பிடித்துவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பற்பசையோ எண்ணெயோ பூச வேண்டாம்.