மருத்துவத்தைவிட அரசியல் அறிவியலுக்கு ஃபீஸ் கூடிய கதை

"பொலிட்டிக்கல் சயின்ஸ் எடுக்கலாமா? படிச்சு முடிச்சா என்ன சம்பளம் வரும்? வாங்கின லோன் அடையுமா?" கொஞ்ச நாளா எனக்கு வர்ற மெசேஜ்கள்ல இந்தக் கேள்விதான் அதிகம். என்ன படிக்கணும்னு சொல்ற ஆள் நான் இல்லை. ஆனா இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு. ஒரு நாட்டின் அரசாங்கமே இந்தக் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தது. படிப்பு அதேதான், ஆனா விடை நேர்மாறா வந்தது. அந்த நாடு ஆஸ்திரேலியா. இனி நான் டாலர்னு சொல்றதெல்லாம் ஆஸ்திரேலிய டாலர்.

1974-ல் கஃப் விட்லமின் தொழிற்கட்சி அரசு பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழித்தது. 1980-களில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் பெருகினார்கள். பல்கலைக்கழகங்களில் இடம் போதவில்லை, அரசிடம் பணமும் இல்லை. அப்போதுதான் ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போறவங்கள்ல வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். கல்லூரி வாசலையே மிதிக்காத லாரி டிரைவரின் வரிப்பணத்தில் அவர்கள் படிப்பது நியாயமா? சரி, கட்டணம் போடலாம்னா, ஏழை வீட்டுப் பிள்ளை உள்ளேயே வர முடியாதே?

இதற்கு வழி சொன்னவர் பொருளாதார அறிஞர் புரூஸ் சாப்மன். பாப் ஹாக் அரசு 1989-ல் கொண்டுவந்த அந்தத் திட்டத்தின் சுருக்கப் பெயர் 'ஹெக்ஸ்'. எந்தப் படிப்பானாலும் வருடத்துக்கு 1,800 டாலர். சேரும்போது கையிலிருந்து ஒரு காசு தர வேண்டியதில்லை, அது கடனாகப் பதிவாகும். உங்கள் வருமானம் ஏறக்குறைய 22,000 டாலரை, அதாவது அன்றைய சராசரிச் சம்பளத்தைத் தாண்டினால்தான் வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள். தாண்டவே இல்லையா? கட்டவே வேண்டாம். வட்டி கிடையாது, விலைவாசி ஏறும் அளவுக்கு மட்டும் கடன் ஏறும்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. வங்கிக் கடன்ல தவணைத் தேதி வந்தா இஎம்ஐ கட்டியாகணும், வேலை இருக்கோ இல்லையோ. ஹெக்ஸ் தேதியைப் பார்க்காது, சம்பளத்தைத்தான் பார்க்கும்.

இப்போ முதல் கணக்கு. 1997-ல் ஜான் ஹோவர்டு அரசு ஒரே கட்டணத்தை மூன்று அடுக்காகப் பிரித்தது. கற்பிக்க எவ்வளவு செலவாகும், படித்தவர் பிற்பாடு எவ்வளவு சம்பாதிப்பார் என்று இரண்டையும் பார்த்தார்கள். சட்டப் படிப்புக்கு ஆய்வகம் வேண்டாம், கற்பிக்கச் செலவு குறைவு. ஆனாலும் வக்கீல் நன்றாகச் சம்பாதிப்பார் என்பதால் மருத்துவத்தோடு சேர்த்து மேல் அடுக்கில் வைத்தார்கள், 5,500 டாலர். அரசியல் அறிவியல் மற்ற கலைப் படிப்புகளோடு கீழ் அடுக்கில், 3,300 டாலர். சம்பளம் குறைவா? அப்போ கடனும் குறைவு.

இரண்டாவது கணக்கு 2020-ல், கொரோனா காலத்தில். ஸ்காட் மோரிசன் அரசின் கல்வி அமைச்சர் டான் டெஹான் ஒரு புதிய திட்டத்தை அறிவித்தார். பட்டதாரிகளை வேலைக்குத் தயார்ப்படுத்துவது என்ற பெயரில் அது 2021-ல் அமலுக்கு வந்தது. நர்சிங், ஆசிரியர் பயிற்சி, கணிதம் இவற்றுக்கு வருடத்துக்கு 3,950 டாலர். மருத்துவத்துக்கு 11,300. அரசியல் அறிவியல், வரலாறு, சமூகவியலுக்கு? 14,500 டாலர். ஒரே அடியில் 113 சதவீத உயர்வு. ஆமாம், ஒரு வருடக் கட்டணத்தில் மருத்துவத்தையே தாண்டிவிட்டது.

1997-ல் "நீ எவ்வளவு சம்பாதிப்பாய்?" என்று கேட்ட அரசு, 2021-ல் "நாட்டுக்கு உடனே எந்த வேலைக்கு ஆள் வேண்டும்?" என்று கேட்டது. இடையில் பாடத்திட்டம் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. கேள்வி மாறியது, அதனால் விலை மாறியது.

சரி, விலையைப் பார்த்து மாணவர்கள் நர்சிங் பக்கம் ஓடினார்களா? இல்லை. அடுத்து வந்த அரசு அமைத்த, மேரி ஓ'கேன் தலைமையிலான குழு, அந்தத் திட்டம் மாணவர்களின் தேர்வை மாற்றத் தவறிவிட்டது என்று 2024 அறிக்கையில் சொன்னது. கட்டணம் எதிர்கால வருமானத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. சுற்றி மறுபடி 1997-க்கே!

ஏன் தோற்றது? பதினேழு வயசுல கையிலிருந்து காசு போகாதபோது விலை பயமுறுத்தாது. ஏழைப் பிள்ளை பயப்படாம உள்ளே வரணும்னுதானே ஹெக்ஸே வந்தது. அந்த நல்ல குணமே விலையேற்றத்தின் நோக்கத்தை முறியடித்தது. பயம் வரவில்லை, கடன் மட்டும் வந்தது. மூன்று வருடப் படிப்புக்கு 43,500 டாலர், அதுவும் குறைந்த சம்பளத்தில் வேலையைத் தொடங்குகிறவர்கள் தலையில்.

2023-ல் விலைவாசி ஏறியபோது கடன் 7.1 சதவீதம் ஏறியது. 40,000 டாலர் பாக்கி இருந்தால் ஒரே நாளில் 2,840 டாலர் கூடுதல். வருடம் முழுக்கக் கட்டியும் பலருக்குப் பாக்கி குறையவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. 2024-ல் சட்டம் திருத்தி அந்த உயர்வை முன்தேதியிட்டுக் குறைத்தார்கள். 2025-ல் எல்லாருடைய பாக்கியிலும் 20 சதவீதத்தைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் அந்தக் கட்டண அடுக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதனால என்கிட்ட கேட்டவங்களுக்கு நான் சொல்றது இதுதான். சம்பளம் ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம்னு தராசு வெச்சா பாதிக் கணக்குதான் முடியும். மீதி, கடனோட நிபந்தனைகள்ல இருக்கு. எப்போ கட்ட ஆரம்பிக்கணும்? வேலை இல்லாத வருஷத்துல என்ன ஆகும்? பாக்கி எதை வெச்சு ஏறும்? அரசியல் அறிவியல் படிச்சுட்டு முதல் ரெண்டு வருஷம் சம்பளம் குறைவா இருந்தா, ஹெக்ஸ் மாதிரிக் கடன் காத்திருக்கும். தேதி பார்க்கிற கடன் காத்திருக்காது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இந்த மூணையும் கேளுங்க.

அப்புறம், ஃபீஸ் அதிகமா இருக்கிறதால அது மதிப்பான படிப்புன்னோ, குறைவா இருக்கிறதால மட்டமான படிப்புன்னோ நினைச்சுக்காதீங்க. அந்த விலையை யார், எந்தக் கணக்குல போட்டாங்கன்னு பாருங்க. அதைப் பார்க்கக் கத்துக்கொடுக்கிற படிப்புக்கும் அரசியல் அறிவியல்னுதான் பேர். அடுத்த எபிசோடில் பேசுவோம்.