அறுக்காத நெல்லுக்கு ஓர் அடமானம்!

தஞ்சாவூருக்கு டூர் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? 1010-ல் ராஜராஜன் கட்டிமுடித்த பெரிய கோயிலை அண்ணாந்து பார்ப்பார்கள். தலையாட்டி பொம்மை வாங்குவார்கள். பஸ் ஏறிவிடுவார்கள். தப்பில்லை. அடுத்த முறை அரண்மனைக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். சரஸ்வதி மகால் நூலகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, 1773-ம் வருஷத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

அப்போது இங்கே மராட்டிய ராஜா துளஜா. காவிரி பாயும் வயல்கள் அத்தனையும் அவருடையவை. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணை அது உறுத்தாதா? ஆற்காடு நவாப் முகமது அலிக்கு உறுத்தியது. அவருக்கோ கழுத்து வரை கடன். கொடுத்தவர்கள் யார் என்கிறீர்கள்? சென்னைக் கோட்டையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களே! ‘கப்பம் பாக்கி’ என்றார் நவாப். கம்பெனிப் படை கிளம்பி வந்தது. செப்டம்பரில் கோட்டை விழுந்தது. ராஜா கைதி.

லண்டனில் இருந்த டைரக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. ‘திருப்பிக் கொடு’ என்று உத்தரவு போட்டார்கள். கவர்னர் பிகட் பிரபு 1776 ஏப்ரலில் நேரிலேயே தஞ்சாவூர் வந்து, துளஜாவை மறுபடி ராஜாவாக்கினார்.

காமர்ஸ் படித்த எனக்கு, கதை சூடுபிடிப்பது இங்கேதான். பால் பென்ஃபீல்ட் என்றொரு ஆசாமி. கம்பெனியில் சாதாரண உத்தியோகம். ‘நவாபுக்கும் தஞ்சாவூர்க்காரர்களுக்கும் நான் கொடுத்த கடன் சுமார் 2,34,000 பவுண்டு. தஞ்சாவூர் வரிப்பணமும் வயலில் நிற்கிற பயிரும்தான் அதற்கு ஈடு’ என்று வந்து நின்றார். இத்தனை பணம் இவருக்கு ஏது? நீங்களும் நானும் கேட்கிற கேள்விதான். கவுன்சிலும் முதலில் ஏற்கவில்லை. பிறகு பெரும்பான்மை சட்டென்று பென்ஃபீல்ட் பக்கம் சாய்ந்துவிட்டது!

பிகட் மசியவில்லை. ஆகஸ்ட் 24, 1776. வண்டியில் போய்க்கொண்டிருந்தவரை வழிமறித்துக் கைது செய்தார்கள். செய்தது யார்? அவருடைய சொந்த கவுன்சில்! காவலில் இருந்தபடியே 1777 மே மாதம் இறந்துபோனார். நெல்லுக்காக ஒரு கவர்னரே போய்ச் சேர்ந்தார் என்றால் பாருங்கள்.

1780-ல் லண்டனில் தீர்ப்பு. கவுன்சில்காரர்கள் நாலு பேருக்கு, ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம். அவ்வளவுதான். பென்ஃபீல்ட்? அதே வருஷம் பிரிட்டிஷ் பார்லிமென்ட்டில் எம்.பி.!

மறு வருஷம் ஹைதர் அலியின் படை டெல்டாவுக்குள் புகுந்தது. பாசனம் பாழாகி, ஊர்கள் காலியாகி, பஞ்சம் வந்தது. ஈடு காட்டவும் வயலில் நெல் இல்லை.